பாதிப் பட்டை

"பாதி போட்டாச்சா?"

கோட்டைப்புதூரில் கல்யாணமாகி நாலைந்து மாதமான எந்த ஆணைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். அந்தக் கருவிக்குச் சர்க்கார் வைத்த பெயர் 'கர்ப்பகால வேதனைப் பகிர்வுப் பட்டை'. அது யார் வாயிலும் நுழையவில்லை. தாய்சேய் நிலையத்துச் சுவரில் அதற்காக ஒட்டியிருந்த படத்தில் அம்மையப்பன் நின்றிருந்தார், வலப்பக்கம் சிவனாகவும் இடப்பக்கம் அம்மனாகவும். அதைப் பார்த்து ஜனங்களே 'பாதி' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

தவசிலிங்கத்துக்கு அது மாட்டப்பட்டது, அவன் மனைவி மங்கைக்கு மூன்றாம் மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை.

"பெரிய பட்டை அம்மாவுக்கு, இடுப்புல. சின்னது அப்பாவுக்கு, அடிமுதுகுல," என்றார் நர்ஸ். பட்டைப் பிரிவைப் பார்த்துக்கொள்வதால் அவரை எல்லோரும் பட்டை சிஸ்டர் என்பார்கள். "மருந்து குடுத்து வலியைக் கொன்னா வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. அதனால கொல்றதில்லை. ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துடறோம்."

"ரெண்டு மோட்டாருக்கு லோடு பிரிக்கிற மாதிரி," என்றான் தவசி.

"நீங்க மோட்டார் கடையா?"

"ஆமா சிஸ்டர். காயில் கட்டுறேன்."

"அப்ப உங்களுக்கு நான் ஒண்ணும் விளக்க வேண்டாம்."

விளக்க வேண்டியது ஒன்று இருந்தது. அது அவனுக்குத் தெரியும் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். தனக்கு எல்லாம் தெரியும் என்று அவனும் நினைத்துக்கொண்டான்.

"ரொம்ப வலிச்சா அவர் கழட்டி வச்சுக்கலாமா சிஸ்டர்?" என்று மங்கை கேட்டாள்.

"கழட்டினா இங்க சிவப்பு லைட் எரியும். மறுநாளே வீட்டுக்கு ஆள் வரும். அதுக்கு மேல அந்த போர்டுல பேரு ஏறும்." சிஸ்டர் வாசலைக் காட்டினார். பலகையில் 'பங்கு ஏற்காத தந்தையர்' என்ற தலைப்பின் கீழ் ஏழு பெயர்கள் இருந்தன. அதில் நாலாவது பெயர்க்காரன் தவசியோடு எட்டாம் வகுப்புப் படித்தவன். அவன் இப்போது ஊரில் இல்லை.

முதல் பத்து நாள் தவசி பெருமையாகத்தான் சுமந்தான். காலையில் மங்கை குழாயடியில் குனிந்தால் இவன் பின்கட்டில் குனிவான். இருவரும் வாயைத் துடைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கடவுள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஜோடி என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் தவறில்லை.

ஆனால் அவன் வேலை பார்த்தது வார்னிஷ் வாடையில். கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, அடுப்பில் காய வைக்கிற கடை. அந்த வாடை பட்டதும் குடல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. கூட வேலை பார்த்த சிக்கந்தருக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"மாப்ள, மாங்கா நறுக்கி உப்பு மிளகாய் போட்டு வச்சிருக்கேன். ஆசைப்பட்டதைத் திங்கணும், இல்லைன்னா பிள்ளைக்குக் காது சீழ் வடியும்."

"ஏன்டா, நீயும்தானே ரெண்டு தடவை போட்டே?"

"போட்டேன். என் வீட்டுக்காரி வாந்தி எடுக்காத சாதி. அல்லா அந்த மட்டுக்கும் என்னைக் காப்பாத்தினான்."

ஐந்தாம் மாதம் வாந்தி நின்று இடுப்பு வலி பிடித்தது. கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தப்பக் கூடாது. ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறும். தவசிக்கு எண்ணிக்கை தப்பியது. அவன் கட்டிக் கொடுத்த மோட்டார் கிணற்றுக்குள்ளேயே கருகி, ஒரு சம்சாரியின் மல்லிகைத் தோட்டம் நாலு நாள் தண்ணீரில்லாமல் வாடியது. "வயித்துல பிள்ளை இருக்கிறவனை வச்சு வேலை வாங்கினா இதுதான்," என்று முதலாளி எல்லோர் முன்னிலும் சொன்னார். கடையே சிரித்தது.

வீட்டிலோ அவனுக்கு ராஜ உபசாரம். மங்கையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மாமியார் இவனுக்குத்தான் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். "பாவம், பழக்கமில்லாத உடம்பு மாப்பிள்ளை உங்களுக்கு." மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "என்னடி முனகுற? உனக்குப் பாதிதானே? நான் உன்னையும் உன் அண்ணனையும் முழுசா சுமந்தேன்," என்பாள். தாய்சேய் நிலையத்திலும் அதே கதைதான். பாதிதானே என்று மாத்திரையைப் பாதியாக்கினார்கள். படுக்கப் பாய் கேட்டால், பாதிதானே, உட்கார முடியாதா என்றார்கள். வலியைப் பிரித்துக் கொடுத்த அந்தக் கருவி இரக்கத்தை எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

மோட்டார் கருகிய அந்த வாரம்தான் தவசிக்கு அந்த யோசனை வந்தது. கெட்ட யோசனை என்று அவனுக்குத் தோன்றவில்லை. தொழில்காரனுக்குத் தொழில்மொழியில்தான் யோசனை வரும். மோட்டாரில் மின்சாரம் கசிந்தால் என்ன செய்கிறோம்? ஒரு கம்பியை மண்ணுக்கு இறக்குகிறோம். மண் வாங்கிக்கொள்ளும். யாரையும் அடிக்காது. பட்டையின் உள்பக்கத்தில் தோலைத் தொடுகிற நாலு வெள்ளிப் பொத்தான்கள் இருந்தன. அவற்றில் முடிபோன்ற செம்புக் கம்பியைச் சுற்றினான். தொடை வழியாக இறக்கிக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைக் குதிகாலுக்கு அடியில் விட்டான்.

வலி நின்றது. பட்டையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

"என்ன மாப்ள, கால்ல கொலுசு?" என்றான் சிக்கந்தர்.

"எர்த்."

சிக்கந்தர் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "எர்த்துல விட்டா யாரையும் அடிக்காதுல்ல?" என்று கேட்டான்.

"யாரையும் அடிக்காது."

"அப்பச் சரி."

அன்று மாலை தவசி டீவியில் ஏதோ கூத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அடுப்படி நிலையைப் பிடித்தபடி மங்கை மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. பிள்ளை விலாவுல உதைக்குது."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆசையாகப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஏழாம் மாதப் பரிசோதனையில் பட்டை சிஸ்டர் கோபமாக இருந்தார். முந்தின நாள் யாரோ ஓர் அப்பா பிடிபட்டிருக்கிறார்.

"முதுகுக்கும் பட்டைக்கும் நடுவுல பாலித்தீன் காகிதம் வச்சிருக்கார்! கேட்டா, அது காத்துல போயிடும்னு நினைச்சேன்கிறார். காத்துல போறதுக்கு அதென்ன கற்பூரமா? உங்க உடம்பு வாங்கினாத்தான் அங்க குறையும். வாங்கலைன்னா வந்த வழியே அந்தப் பொண்ணுகிட்டயே திரும்பிடும். அவ நாலு மாசம் முழுசையும் சுமந்திருக்கா. பாதிதானேன்னு மாத்திரையையும் நாங்க குறைச்சுட்டோம். அந்தக் காலத்துப் பொம்பளைங்களைவிட இவ பாடு மோசம்."

தவசி கம்பி சுற்றிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"மண்ணுக்கு... மண்ணுக்கு இறக்கினா சிஸ்டர்?"

"மண்ணுக்கு எதுக்குங்க வலிக்கப் போகுது? வலியை வாங்கிக்க உசிர் வேணும்."

பஸ்ஸில் மங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் உதட்டைக் கடித்தாள். இரண்டு மாதமாக அவள் இப்படித்தான் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போனதும் கம்பியை அவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தான். அவிழ்க்கவும் செய்தான். கதவைச் சாத்திக்கொண்டு கம்பியை உருவிய மறு நிமிஷம், இடுப்பில் யாரோ கடப்பாறையை இறக்கித் திருகியது போல் இருந்தது. பாதியே இப்படி என்றால்... அதற்கு மேல் நினைக்க அவன் தன்னை விடவில்லை. ஒன்றரை மணி நேரம் தாங்கினான். பிறகு, கோடைக்காலம், மோட்டார் வந்து குவிகிற சீசன், இது முடியட்டும் என்று சொல்லிக்கொண்டான். விரல்கள் பழைய இடத்திலேயே கம்பியைச் சுற்றின. இந்தத் தடவை அவனுக்குத் தெரிந்தே சுற்றின.

அந்தச் செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தான். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கணும், மங்கைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று உருகி உருகி வேண்டினான். அம்மன் செய்ய வேண்டியதை எல்லாம் சொன்னான். அவன் செய்ய வேண்டியதை அம்மன் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, கண்ணை மூடியபடியே விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

ஒன்பதாம் மாதம் பிறந்து நாலாம் நாள், காலை பத்து மணிக்கு மங்கை மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஒரு மாதிரியா இருக்கு. போய்க் காட்டிட்டு வந்துடலாம்," என்றாள். ஆட்டோவில் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தாய்சேய் நிலையத்தில் அன்று கூட்டம். டாக்டர் அம்மாள் ஒரு தாளை எடுத்து, மங்கையைப் பார்க்காமல் தவசியைப் பார்த்தார். அந்தத் தாளில் 'தந்தை கூற்று' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. தாய்மார்கள் கூட்டிச் சொல்வார்களாம். அப்பாவிடம் கேட்டால் சரியாக இருக்குமாம். ஐந்துக்கு மேல் சொன்னால் உடனே உள்ளே எடுத்து மிஷின் வைத்துப் பார்ப்பார்கள். கீழே என்றால் பெஞ்சு.

"உங்க பக்கம் எப்படி இருக்கு? பத்துக்கு எவ்வளவு?"

தவசியின் முதுகு வெறும் முதுகாக இருந்தது. தரையில் ஊன்றிய குதிகாலில் கம்பி லேசாகக் குறுகுறுத்தது. ஏதாவது சொல்ல வேண்டும். அதிகம் சொன்னால் பட்டையைக் கழற்றிச் சோதிப்பார்கள்.

"சும்மா இழுத்துப் பிடிக்குது மேடம். மூணு இருக்கும்."

டாக்டர் பேருக்கு மங்கையின் பக்கம் திரும்பினார். "என்னம்மா, சரியா?"

மங்கை தவசியைப் பார்த்தாள். நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா மேடம். மூணுதான்."

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. தரை துடைத்துக்கொண்டு வந்த ஆயா பெருமாயி, மங்கையின் காலருகே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏத்தா, இப்படி வெளிறிக் கிடக்கே?"

"ஒண்ணுமில்லைக்கா. பாதிதான்."

"பாதியாவது முக்காலாவது, கையை எடு." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் மங்கையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். படிக்காத அந்தக் கைக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவள் ஓடினாள். "டாக்டரம்மா! இந்தப் பிள்ளைக்கு வயிறு கல்லாக் கிடக்கு! கல்லாக் கிடக்கு!"

மங்கையை உருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவு சாத்திக்கொண்டது. தவசி கழிப்பறைக்குப் போய், முதலில் செய்தது கம்பியை அறுத்ததுதான். துண்டு துண்டாக அறுத்துத் தண்ணீர் ஊற்றினான். கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இனி முழுப் பங்கும் வரட்டும் என்று கண்ணை மூடி நின்றான். ஒன்றும் வரவில்லை. அதற்குள் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள்.

நஞ்சுக்கொடி உள்ளுக்குள்ளேயே பிய்ந்து இரத்தம் வெளியே வராமல் தேங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இன்னும் கால் மணி போயிருந்தால் தாயும் இல்லை என்றார். குழந்தை பெண். தலை நிறைய முடி. அரை மணி முன்னால் எடுத்திருந்தால் அழுதிருக்கும்.

"அப்பா மூணுன்னு சொன்னாரே," என்று டாக்டர் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பட்டை சிஸ்டர், "சில பேருக்கு நரம்பு மந்தம் மேடம்," என்றார். தாளில் 'நரம்பு மந்தம்' என்று எழுதி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தது தண்டனை என்று அவனுக்குத் தோன்றியது, ஆனால் அது கருணையின் உருவத்தில் வந்தது. மங்கையின் அண்ணன் இவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, நீங்களும் பாதி செத்துப் பிழைச்சிருக்கீங்க," என்று அழுதான். மாமியார் அவனுக்கு முட்டையை வேக வைத்து உரித்துக் கொடுத்தாள். சிக்கந்தர் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் மட்டும் இவன் காலை ஒரு முறை பார்த்தான். பிறகு பார்வையை எடுத்துவிட்டான். எல்லோரும் கொடுத்ததை எல்லாம் தவசி வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே மங்கைக்குப் பால் கட்டிக்கொண்டது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்த பிறகும் வற்றவில்லை. உடம்புக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மாமியார் அவனிடம் முகத்தைக் காட்டாமல், "பூ வாங்கிட்டு வாங்க. மல்லிகை. வச்சுக் கட்டினா வத்தும்," என்றாள்.

பூக்கடையில் ஆள் அதிகமில்லை. "வீட்டுக்கா தம்பி? சரமாத் தரட்டுமா?" என்று பூக்காரம்மா முழத்துக்குக் கையை நீட்டினாள்.

"உதிரி."

"சாமிக்கா?"

"இல்லை. பால் வத்த."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் பூவைத் தட்டில் போட்டுவிட்டு வேறு கூடையை இழுத்தாள்.

"ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?"

"பொண்ணு."

"மொட்டு வேண்டாம். விரிஞ்சதாத் தாரேன். காம்போட வச்சா குத்தும்." பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவள் அவர்களைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு பூவாக எடுத்துக் காம்பைக் கிள்ளி, ஈரத் துணியில் போட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பொதிந்து அவன் கையில் வைத்தாள். "உசிர் போற வலி தம்பி அது. விட்டுட்டு எங்கயும் போயிடாத."

வீட்டில் மாமியார் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கை பூவை அள்ளினாள். மகளின் மார்பைப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நீங்களே வைங்க," என்றாள் மங்கை.

அவன் வைத்தான். தொட்ட இடம் காய்ச்சலாகக் கொதித்தது, கல்லாக இறுகியிருந்தது. பூ வைக்க வைக்கப் பால் கசிந்து பூவை நனைத்தது. பட்டை கட்டியிருந்த அவன் முதுகில் மட்டும் ஒரு வலியும் இல்லை. அப்போதுதான் கவனித்தான். அவளுடைய பெரிய பட்டை மடித்து ஜன்னல் மேடையில் கிடந்தது. பிள்ளை போன வீட்டுக்கு ஆஸ்பத்திரியில் விளக்கு எரியாது. யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

"மங்கை, நான் ஒண்ணு சொல்லணும்."

"எர்த்தா?"

அவன் கை நின்றது.

"உங்க துணியைத் துவைக்கிறது யாரு? கால் மடிப்புல வரி வரியா பச்சைக் கறை. செம்புக் களிம்பு. ஒருநாள் நீங்க தூங்கறப்ப காலைப் பார்த்தேன். கொலுசு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே..."

"கேட்டா கழட்டுவீங்க. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காருவீங்க. அன்னைக்கு டீவியைப் பார்த்துச் சிரிச்சீங்க. நீங்க சிரிச்சு ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. சரி, ஒருத்தராவது சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே மங்கை. அது மூணா?"

"ஒன்பதுக்கு மேல." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க மூணுன்னுட்டீங்க. நான் ஒன்பதுன்னா உங்க சட்டையைத்தானே கழட்டிப் பார்ப்பாங்க? அத்தனை பேர் நடுவுல. அந்த போர்டுல உங்க பேரை நினைச்சேன். எனக்கு மனசு வரலை. அந்த நேரத்துல நான் பிள்ளையை நினைக்கலைங்க. உங்களைத்தான் நினைச்சேன்."

அடுப்படியில் மாமியார் பாத்திரத்தை எடுத்து எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

தவசி எழுந்துபோய் ஜன்னல் மேடையிலிருந்து பட்டையை எடுத்து வந்தான். "போட்டுக்க. கம்பி இல்லை. சத்தியமா இல்லை. நீயே தடவிப் பாரு. பாதி எனக்கு வரட்டும். முழுசும் வந்தாலும் சரி."

"வேண்டாம்."

"மங்கை..."

"அவ எனக்குன்னு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். பூ வச்சாச்சு, ரெண்டு நாள்ல வத்திடும். அதுவரைக்கும் இது என்னோடது. இதுல பங்கு தரமாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பசிக்கவில்லை என்று சொல்வது போல் சொன்னாள். பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றான். போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். சொன்னால் போவதற்கும் தயாராக இருந்தான். அவள் சொல்லவில்லை. ஒரு வலி அலை வந்து போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவன் அதை முதல் முதலாக, கண்ணைத் திருப்பாமல், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தான்.

அது அடங்கியதும் அவள் தையல் இழுக்காமல் மெல்ல இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டாள். கட்டிலின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காருமளவு இடம் வந்தது.